இரண்டாம் பாகம் முதற்பாகத்தை வெல்லுமா?

முன்னுரை

'மூத்தது மோழை, இளையது காளை' என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயினும் திரைப்படங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாம் இப்பழமொழியை மறந்துவிடுகிறோம். ஒரு படத்தின் இரண்டாம் பாகம் வருகிறது என்று கேள்விப்பட்டாலே, "முதல் படம் மாதிரி இருக்காது" என்று பார்ப்பதற்கு முன்பே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். இத்தீர்ப்பு சரிதானா? அறிவியல் கற்பனையும் சண்டைக் காட்சிகளும் கலந்த படங்களில் இரண்டாம் பாகம் முதற்பாகத்தை வெல்ல இயலுமா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராயத் தூண்டிய நிகழ்ச்சி

சென்ற ஆண்டு விழாவில் நாங்கள் 'எந்திரச் சமையற்காரி' என்னும் நகைச்சுவை நாடகத்தை நடித்தோம். விடுதிச் சமையலறைக்கு வேலைக்கு வரும் ஓர் எந்திரம், சொன்ன சொல்லை அப்படியே செய்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். "உப்பைப் பார்த்துப் போடு" என்றால், உப்பையே உற்றுப் பார்த்தபடி போட்டுக்கொண்டே இருக்கும். இறுதியில் அதனை நிறுத்திச் சாமான் அறையில் வைத்துவிடுவார்கள். அன்று அரங்கமே சிரித்தது.

இவ்வாண்டு தொடக்கத்திலேயே சிஸ்டர் எங்களை அழைத்து, "அதன் இரண்டாம் பாகத்தைப் போடுங்கள்" என்றார்கள். நாங்களும் மகிழ்ச்சியோடு எழுதினோம். ஓர் எந்திரத்துக்குப் பதில் மூன்று எந்திரங்கள், ஒரு பானைக்குப் பதில் ஆறு பானைகள்! ஆனால், ஒத்திகை காண வந்த ஆறாம் வகுப்புத் தங்கைகள் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும் எழுந்து, "அக்கா, போன வருஷத்து எந்திரம் எங்கே போச்சு?" என்று கேட்டாள்.

எங்களிடம் விடை இல்லை. சென்ற ஆண்டு எந்திரமாக நடித்த தோழி, தந்தையாரின் பணி மாறுதலால் வேறூர் சென்றுவிட்டாள். அவள் இல்லாத குறையை மறைக்கவே மூன்று எந்திரங்களைச் சேர்த்தோம் என்பது அப்போதுதான் எங்களுக்கே விளங்கியது.

"இந்த இக்கட்டில் அகப்பட்டவர்கள் நீங்கள் மட்டுமல்ல. பெரிய இயக்குநர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்" என்றார் எங்கள் அறிவியல் ஆசிரியை. ஆகவே ஒரு தோழியின் இல்லத்தில், அவள் தந்தையார் துணையோடு சில படங்களைக் கண்டோம். நாங்கள் கண்ட ஆங்கிலப் படங்களுள் சில, அமெரிக்காவில் 17 வயதுக்கு உட்பட்டோர் பெரியவர் துணையுடனேயே காண வேண்டும் என்று வகைப்படுத்தப்பட்டவை. கடுமையான காட்சிகள் வந்தபோதெல்லாம் அவர் படத்தை வேகமாக ஓட்டிவிட்டார் என்பதைப் பெற்றோர்களின் கவனத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

கொல்ல வந்தவன் காக்க வந்தான்

முதலில் 'தி டெர்மினேட்டர்' என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய இப்படம் 1984 இல் வெளிவந்தது. 2029 ஆம் ஆண்டில் எந்திரங்களுக்கும் மனிதர்களுக்கும் போர் நடக்கிறது. மனிதர்களின் தலைவனைப் பிறக்கவே விடாமல் தடுக்க, அவன் தாயாகப் போகும் சாரா கானர் என்னும் பெண்ணைக் கொல்ல, எந்திரங்கள் ஒரு கொலை எந்திரத்தைக் கடந்த காலத்துக்கு அனுப்புகின்றன. எந்திரமாக நடித்தவர் அர்னால்டு சுவார்செனேகர். சாராவாக நடித்தவர் லிண்டா ஹாமில்டன். உணவு விடுதியில் பரிமாறும் சாதாரணப் பெண்ணான சாரா, இறுதியில் அவ்வெந்திரத்தைத் தொழிற்சாலை ஒன்றில் நசுக்கி அழிக்கிறாள்.

ஏழாண்டுகள் கழித்து, 1991 இல், அதே இயக்குநர் 'டெர்மினேட்டர் 2: ஜட்ஜ்மென்ட் டே' என்னும் இரண்டாம் பாகத்தை அளித்தார். இதில் மூன்று செய்திகள் நம் கருத்தைக் கவர்கின்றன.

முதலாவது, எந்திரத்தின் மாற்றம். அதே நடிகர், அதே தோற்றம். ஆனால் இம்முறை அது சாராவின் மகன் ஜானைக் காக்க வருகிறது. "யாரையும் கொல்லக் கூடாது" என்று சிறுவன் ஆணையிட, எந்திரம் கீழ்ப்படிகிறது. மனிதர்கள் ஏன் அழுகிறார்கள் என்பதையும் சிறிது சிறிதாக அறிந்துகொள்கிறது.

இரண்டாவது, சாராவின் மாற்றம். அவள் உண்மையைச் சொன்னாள், யாரும் நம்பவில்லை, மனநல மருத்துவமனையில் அடைத்துவிட்டார்கள். பழைய அச்சம் அவளைக் கல்லாக்கிவிட்டது. எதிர்காலத்தில் கேடு விளைவிக்கப் போகும் கணிப்பொறியை ஆக்கும் அறிவியலாளர் ஒருவரைக் கொல்லத் துப்பாக்கியோடு புறப்படுகிறாள். ஆனால் அவருடைய மனைவியும் சிறு மகனும் பார்த்திருக்க, அவளால் சுட முடியவில்லை. எந்திரம் மனிதத் தன்மை பெறும் அதே வேளையில் மனுஷி எந்திரமாகிக்கொண்டிருந்தாள் என்பதை இங்கே நாம் உணர்கிறோம். முதற்பாகத்தில் 'சாரா பிழைப்பாளா?' என்பதே கேள்வி. இரண்டாம் பாகத்தில் 'பிழைத்தவள் மனுஷியாக இருப்பாளா?' என்பது கேள்வி. இரண்டாவது கேள்வியே பெரியது அன்றோ?

மூன்றாவது, மிச்சம். முதற்பாகத்தில் நசுங்கிய எந்திரத்தின் கையும், அதன் மூளையாகிய சில்லும் எஞ்சிவிடுகின்றன. அவற்றைக் கொண்டுதான் அந்த அறிவியலாளர் தம் ஆராய்ச்சியை நடத்துகிறார். முதற்கதையின் குப்பையிலிருந்தே இரண்டாம் கதை முளைக்கிறது! 'போன வருஷத்து எந்திரம் எங்கே போச்சு?' என்னும் எங்கள் ஆறாம் வகுப்புத் தங்கையின் கேள்விக்கு விடை கூறுகின்ற படம் இது. இதனைக் கண்டபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

செலவினால் வந்த வெற்றியா?

"அவர்களிடம் பணம் இருந்தது, வென்றார்கள்" என்று சிலர் கூறலாம். முதற்பாகத்திற்கு ஆன செலவு ஏறக்குறைய 64 லட்சம் டாலர். இரண்டாம் பாகத்திற்கோ ஏறத்தாழ 10 கோடி டாலர். முதற்பாகத்தின் இறுதியில் வரும் உலோக எலும்புக்கூட்டைச் சில காட்சிகளில் பொம்மையாகவும், சில காட்சிகளில் சிறு உருவத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொன்றாகப் படம் பிடித்தும் இயங்கச் செய்தார்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன என்பதை நினைத்தால், அதன் உழைப்பு விளங்கும். இரண்டாம் பாகத்திலோ, ராபர்ட் பாட்ரிக் நடித்த பகை எந்திரம் பாதரசம் போல் உருகி, எவ்வுருவமும் எடுக்கும். இதற்குக் கணிப்பொறி வரைகலை துணை நின்றது. காட்சி நுட்பம் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகளை இப்படம் பெற்றது.

ஆயினும் 137 நிமிடங்கள் ஓடும் இப்படத்தில், கணிப்பொறியில் பிறந்த காட்சிகள் சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் நம்மைக் கட்டிப் போடுவது ஒரு தாய், ஒரு மகன், ஓர் எந்திரம் ஆகிய மூவரின் கதையே. இறுதியில் அவ்வெந்திரம், தன் சில்லும் உலகில் எஞ்சக் கூடாது என்று, உருகிய எஃகுக் குழம்பில் தானே இறங்குகிறது. தன்னை அழித்துக்கொள்ளும் உரிமை அதற்கு இல்லையாதலால், இறக்கும் பொறியை இயக்குபவள் சாரா. ஒரு காலத்தில் அதைக் கண்டு ஓடியவள் அவள்! அக்காட்சியில் எங்களுள் கண் கலங்காதவர் இல்லை. கண்ணீரைப் பணத்தால் வாங்க இயலாது.

அச்சத்திலிருந்து தாய்மைக்கு

இரண்டாவது எடுத்துக்காட்டு, ரிட்லி ஸ்காட் இயக்கி 1979 இல் வெளிவந்த 'ஏலியன்'. விண்கலத்தில் ஏழு பேர்; அவர்களிடையே புகுந்துவிட்ட வேற்றுலக உயிர் ஒன்று. இறுதியில் ரிப்ளி என்னும் பெண்ணும் ஒரு பூனையுமே தப்புகின்றனர். 1986 இல் ஜேம்ஸ் கேமரூன் எழுதி இயக்கிய 'ஏலியன்ஸ்' இதன் இரண்டாம் பாகம்.

ரிப்ளி 57 ஆண்டுகள் விண்வெளியில் உறங்கி விழிக்கிறாள். அவள் கூற்றை யாரும் நம்புவதில்லை. பிறகு படைவீரர்களோடு அக்கோளுக்கே மீண்டும் செல்ல நேர்கிறது. அங்குக் குடியேறியவர்களுள் எஞ்சியிருப்பவள் நியூட் என்னும் சிறுமி ஒருத்தியே. அச்சிறுமியை மீட்க, தான் எதைக் கண்டு நடுங்கினாளோ அதன் கூட்டுக்குள்ளேயே ரிப்ளி தனியாக நுழைகிறாள். அங்கே முட்டைகளைக் காத்து நிற்பது ஒரு ராணி. ஒரு தாய்க்கு எதிரே இன்னொரு தாய்! ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவர் இப்படத்திற்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றார்.

எனினும் எங்கள் வகுப்பில் இது குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. "முதல் படமே சிறந்தது" என்று ஒரு சாரார் வாதிட்டனர். அவர்கள் கூற்றிலும் உண்மை இருக்கிறது. 'ஏலியன்' படத்தில் அவ்வுயிர் திரையில் தோன்றும் நேரம் மிகக் குறைவு. இருட்டும் மௌனமுமே நம்மை நடுங்க வைக்கின்றன. 'ஏலியன்ஸ்' படத்திலோ அவை கூட்டமாக வருகின்றன, துப்பாக்கிக்கு மடிகின்றன. எண்ணிக்கை கூடும்போது ஒவ்வொன்றின் மேலுள்ள அச்சம் குறைந்துவிடுகிறது. எங்கள் மூன்று எந்திரங்களுக்கு நேர்ந்ததும் இதுவே. ஆகவே அச்சத்தில் முதற்பாகமும், அன்பின் துணிவில் இரண்டாம் பாகமும் வென்றன எனலாம்.

வெல்லாத பாகங்கள்

வெற்றியை மட்டும் கூறி முடிப்பது முறையன்று. 1992 இல் வந்த 'ஏலியன் 3', ரிப்ளி உயிரைக் கொடுத்து மீட்ட அச்சிறுமியைத் தொடக்கத்திலேயே இறந்துவிடச் செய்கிறது. முன் பாகம் பாடுபட்டுச் சேர்த்ததைப் பின் பாகம் ஒரு நொடியில் செலவழித்துவிட்டால் பார்ப்பவர் மனம் ஒட்டுமா? 2003 இல் வந்த 'டெர்மினேட்டர் 3' படத்திலும் துரத்தலுக்குக் குறைவில்லை. ஆயினும் காக்கும் எந்திரம், கொல்லும் எந்திரம் என்னும் பழைய பாதையிலேயே பெரும்பாலும் ஓடுகிறது.

நம் தமிழ்த் திரையுலகிலும் ஒரு சான்று உண்டு. ஷங்கர் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்து 2010 இல் 'எந்திரன்' வந்தது. 2018 இல் '2.0' வந்தது. இரண்டாவது படம் முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்டது. ஆயிரமாயிரம் செல்பேசிகள் ஒன்றுகூடிப் பெரும் பறவையாகும் காட்சி வியக்கத்தக்கது. பறவைகளுக்காக வாதாடும் பட்சிராஜனின் துயரமும் மனத்தைத் தொடுகிறது. ஆனால் 'எந்திர'னில் சிட்டி உணர்ச்சி பெற்று, ஆசைப்பட்டு, தீயவனாகி, கடைசியில் தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கிறான். '2.0' படத்தில் சிட்டி வலிமையில் வளர்கிறான். உள்ளத்தில் அவ்வளவாக வளரவில்லை. எனவே எங்களுள் பெரும்பாலோர் 'எந்திர'னுக்கே வாக்களித்தோம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், இரண்டாம் பாகம் முதற்பாகத்தை வெல்ல இயலும் என்பது தெளிவு. ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. முதற்கதை விட்டுச் சென்றதற்கு அது விடை கூற வேண்டும். பழைய மனிதர்களிடம் புதிய கேள்வியைக் கேட்க வேண்டும். முன் பாகம் சேர்த்து வைத்ததை வீணாக்கக் கூடாது. அவ்வாறு வென்றாலும் அவ்வெற்றியில் பாதி முதற்பாகத்துக்கே உரியது. கொல்ல வந்த எந்திரத்தை நாம் முன்பே கண்டிராவிட்டால், காக்க வந்த எந்திரத்தைக் கண்டு எவ்வாறு வியப்போம்?

எங்கள் நாடகம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மூன்று எந்திரங்களையும் நீக்கினோம். தோழி அணிந்த அட்டைப்பெட்டி உடையைத் தூசி தட்டி எடுத்தோம். ஓராண்டாகச் சாமான் அறையில் கிடந்த எந்திரத்திடம் விடுதிப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து தங்கள் குறைகளைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இறுதிக் காட்சியில் அதனை மீண்டும் இயக்கி, "உப்பைப் பார்த்துப் போடு" என்கிறார்கள். எந்திரம் ஒரு கரண்டி உப்பைப் போட்டு, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, நிறுத்திக்கொள்கிறது. விழாவன்று முதலில் கைதட்டியவள் அந்த ஆறாம் வகுப்புத் தங்கைதான்.

"போன வருஷம்தான் அதிகம் சிரிச்சோம்" என்று பெற்றோர் பலர் கூறினர். அதை நாங்கள் மறுக்கவில்லை. நாடகம் முழுவதையும் எழுதித் தோழிக்கு அனுப்பினோம். தன் உடை அவ்வளவு நேரம் மேடையில் நின்றதே என்று அவள் மகிழ்ந்து பதில் எழுதினாள்.

நம் பள்ளியிலும் அக்காவைத் தொடர்ந்து தங்கை சேரும்போது, "அக்கா மாதிரி படிப்பாயா?" என்று கேட்கிறார்கள். எங்களுள் பலர் அக்கேள்வியைக் கேட்டு வளர்ந்தவர்களே. அக்காவைப் போல் ஆவதும் அக்காவை மிஞ்சுவதும் தங்கையின் வேலை அன்று. அக்கா விட்ட இடத்திலிருந்து தன் கதையைத் தொடங்குவதே அவள் வேலை. இரண்டாம் பாகங்கள் எங்களுக்குக் கற்பித்த பாடம் இதுவே.