புது லென்ஸ் போட்டும் பாடாத சிடி பிளேயர்

சித்திரைத் திருவிழா நெருங்கினால் போதும், அழகர்கோவில் சாலையில் இருக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பரணில் கிடந்த சிடி பிளேயரைத் தூசி தட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அழகர் வர்ணிப்புப் பாட்டு இன்னும் பலரிடம் சிடியில்தான் இருக்கிறது. "லென்ஸ் போயிருச்சுண்ணே, புதுசு போட்ருங்க. எதிர்சேவைக்குள்ள வேணும்."

லேசரோடு சேர்ந்த பாகம் முழுவதையும் லென்ஸ் என்றே சொல்வோம். போனது அந்த லென்ஸ்தானா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். சிடி உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படுகிறது. உள்வட்டத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, விளிம்பில் சுமார் 200. தேய்ந்த மோட்டார் தொடக்கத்திலேயே அந்த 500-ஐ எட்டாமல் திணறினால் திரையில் 'நோ டிஸ்க்' வரும். பழி லென்ஸ் மேல் விழும். முதல் பாட்டுகள் நன்றாகப் பாடி, பின்னால் வரும் பாட்டுகள் மட்டும் குதித்தால், லென்ஸைப் போர்டோடு இணைக்கும் ரிப்பனைத்தான் நான் சந்தேகிப்பேன். லென்ஸ் வெளிப்பக்கம் நகரும்போது மடிப்பில் இருக்கும் கீறல் பிரியும். மல்டிமீட்டரில் சோதிக்கும்போது ரிப்பனை வளைத்துப் பிடித்தே சோதியுங்கள். நேராகக் கிடந்தால் குறை தெரியாது.

லென்ஸ்தான் என்று உறுதியானால் வாங்கலாம். ஆனால் சோனி கேஎஸ்எஸ்-213, சான்யோ எஸ்எஃப்-பி101என் என்று பெயர் போட்டு மலிவாக வருபவை பெரும்பாலும் நகல்கள். சான்யோவில் 15 பின், 16 பின் என்று இரண்டு வகை உண்டு. பழையதைக் கையில் வைத்து ஒப்பிடாமல் காசு கொடுக்காதீர்கள். புதுசு என்பதால் மட்டும் அது நல்ல லென்ஸ் ஆகிவிடாது. புதுசு போட்டதால் லென்ஸ் சரி என்று முடிவுகட்டி, நல்ல போர்டைக் கிளறிக் கெடுத்த செட்டுகள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன.

லேசரை நிலைமின்சாரம் கொன்றுவிடாமல் இருக்க, லென்ஸின் சிறு போர்டில் இரண்டு புள்ளிகளை ஈயம் வைத்து இணைத்திருப்பார்கள். ரிப்பனைச் செருகிய பிறகே அந்த ஈயத்தை எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் லேசர் எரியவே எரியாது. சில நகல்களில் அது ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். அப்படி வருவதை நான் வாங்குவதில்லை. சித்திரை மாதக் காய்ந்த காற்றில் மணிக்கட்டில் எர்த் பட்டை இல்லாமல் எந்த லென்ஸையும் தொடவும் மாட்டேன்.

"சிவப்பாத் தெரியுது, லேசர் நல்லாருக்கு" என்பார்கள். சிடி லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒளி. மங்கலாகச் சிவப்பு தெரிவதை வைத்து வலுவைச் சொல்ல முடியாது. நேராக உற்றுப் பார்ப்பது கண்ணுக்கும் கேடு. அசல் சோனி லென்ஸின் ஒட்டுத்தாளில் கடைசி மூன்று இலக்கம் லேசர் மின்னோட்டம்: 452 என்றால் 45.2 மில்லிஆம்பியர். லேசர் பாதையிலுள்ள ரெசிஸ்டரின் குறுக்கே வோல்ட் பார்த்து, ஓமால் வகுத்தால் இப்போதைய அளவு கிடைக்கும். ஒட்டுத்தாளில் உள்ளதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் லேசர் டயோடு களைத்துவிட்டது. நகலின் ஒட்டுத்தாளை நான் நம்புவதில்லை. போட்ட அன்றே அளந்து செட்டுக்குள் எழுதி வைத்துவிடுகிறேன். லென்ஸின் ஓரத்திலுள்ள சின்னத் திருகை மட்டும் தயவுசெய்து திருப்பாதீர்கள். கொஞ்ச நாள் பாடும், பிறகு டயோடு ஒரேயடியாகப் போய்விடும்.

பாடியும் 'டிக் டிக்' என்று இழுத்தால் லென்ஸை நகர்த்தும் பல்லைப் பாருங்கள். நகலின் பிளாஸ்டிக் பல் பல நேரம் பிசிறோடு இருக்கும். பழைய லென்ஸின் பல் தேயாமல் இருந்தால் அதைக் கழற்றிப் புதியதில் மாட்டலாம்.

முதல் சோதனைக்குக் கம்பெனி அச்சு சிடி, அடுத்து எழுதிய சிடி. ரீரைட் சிடி 15 முதல் 25 சதவீத ஒளியைத்தான் திருப்பும். அதைப் படிக்கவில்லை என்று பழைய பிளேயரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆஸிலோஸ்கோப் இருப்பவர்கள் ஆர்எஃப் அலையைப் பாருங்கள்: சுமார் ஒரு வோல்ட், நடுவில் வைரக் கட்டங்கள் தெளிவாக. கட்டம் கலங்கியிருந்தால் லென்ஸைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

மூடியைப் பூட்டி, 74 நிமிட சிடி ஒன்றைக் கடைசிப் பாட்டு வரை ஓடவிட்டே கொடுக்கிறேன். சூடேறினால் லேசருக்குக் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படும். சோப்ளாங்கி நகல் அந்த நேரத்தில்தான் கைவிரிக்கும். அது மண்டகப்படிப் பந்தலில் நடப்பதைவிட என் மேசையில் நடக்கட்டும்.