பாஸ் எங்கே போச்சு?

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து ஒரு பாட்டை மிக்ஸ் பண்றீங்க. உங்க ரூம்ல, உங்க ஸ்பீக்கர்ல அது அருமையா இருக்கு. காலைல அதே ஃபைலை ஃப்ரெண்டோட கார்ல போட்டா பாஸ் கண்ணாடியை அதிர வைக்குது, பாடினவங்க குரல் எங்கேயோ பின்னாடி நிக்குது. இதுல பொய் சொன்னது காரா, ரூமா?

பெரும்பாலும் ரூம்தான். ஆனா நாம முதல்ல சந்தேகப்படுறது ஸ்பீக்கரை. உடனே எந்த மானிட்டர் வாங்கலாம்னு தேட ஆரம்பிச்சு, பார்ட் டைம்ல சேர்த்த காசை எல்லாம் அதுல போட்டுடுறோம். புது ஸ்பீக்கரை அதே மூலையில வைச்சா அதே பிரச்சினைதான் வரும், கொஞ்சம் தெளிவா வரும், அவ்வளவுதான். அந்தக் காசை எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

ஸ்டுடியோவில் மானிட்டரிங் என்றால், ரெக்கார்ட் ஆனதை உள்ளது உள்ளபடி கேட்பது. ஹால்ல இருக்கிற ஹோம் தியேட்டர் பாட்டை அழகுபடுத்திக் காட்டலாம், தப்பில்ல. மானிட்டர் அப்படிச் செய்யக் கூடாது. ஏன்னா காதுல விழுறதை நம்பித்தான் நீங்க முடிவு எடுக்கிறீங்க. ரூம் 100 ஹெர்ட்ஸை 10 டெசிபெல் குறைச்சுக் காட்டினா, நீங்க அதை ஏத்துவீங்க. ரூமை நீங்க கூட எடுத்துட்டுப் போக மாட்டீங்க, ஆனா நீங்க ஏத்தின ஏத்தம் ஃபைலுக்குள்ள தங்கிடும். அதாவது, உங்க ரூமோட ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸின் தலைகீழ் வடிவம் பாட்டுக்குள்ள பதிஞ்சிடுது. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது புதுசில்ல: தெரியாமலே ஒரு இன்வர்ஸ் ஃபில்டர் டிசைன் பண்ணியிருக்கீங்க.

சரி, ரூம் எப்படிப் பொய் சொல்லுது? 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஒரு ரூமை எடுத்துக்குவோம். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒலி முட்டி முட்டித் திரும்பும்போது, அரை அலைநீளம் அந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தினால் அங்கே ஸ்டாண்டிங் வேவ் உருவாகும். ஸ்கூல் பிசிக்ஸ்ல ஆர்கன் பைப்புக்குப் போட்ட கணக்கேதான். ஒலியின் வேகத்தை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்கணும். நம்ம ஊர் வெயிலுக்கு வேகத்தை நொடிக்கு 348 மீட்டர்னு வைச்சுக்கலாம். 12 அடிக்கு (3.66 மீட்டர்) சுமார் 47.5 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு சுமார் 57 ஹெர்ட்ஸ். இதுல அகலமும் உயரமும் ஒரே அளவு, அதனால 57-ல ரெண்டு மோட் ஒண்ணு மேல ஒண்ணு உட்காருது. கனசதுரம் மாதிரி ரூம் கிடைச்சவங்க நிலைமை இன்னும் மோசம், மூணுமே ஒரே இடத்துல. பாஸ் கிட்டார்ல ஓப்பன் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ் என்பதை ஞாபகம் வைச்சுக்கோங்க. இது ஏதோ கேட்காத மூலையில நடக்கிற விஷயம் இல்ல, பாட்டோட அடித்தளத்துலயே நடக்குது.

இதை நம்பாதவங்க ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. 12 அடி நீளத்துக்கான ரெண்டாவது மோட் 95 ஹெர்ட்ஸ். ஃபோன்ல ஏதாவது ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, 95 ஹெர்ட்ஸ் சைன் வேவை ஸ்பீக்கருக்கு அனுப்புங்க, சத்தம் அளவா இருக்கட்டும். இப்போ முன் சுவர்ல இருந்து பின் சுவர் வரைக்கும் மெதுவா நடங்க. சுவர் ஓரத்துல சத்தம் பெருசா இருக்கும். 3 அடி வந்ததும் மெலியும், சில ரூம்ல கிட்டத்தட்ட காணாமலே போயிடும். 6 அடியில திரும்ப வரும். 9 அடியில மறுபடி போயிடும். ஸ்பீக்கர் மாறல, வால்யூம் மாறல, நீங்க நின்ன இடம் மட்டும்தான் மாறுச்சு. நாற்காலி அந்த 9 அடியில இருந்தா, 95 ஹெர்ட்ஸைப் பத்தி உங்களுக்கு எந்தத் தகவலும் வராது.

முதல் மோடுக்கு, அந்த 47.5 ஹெர்ட்ஸுக்கு, காணாமல் போகும் இடம் நட்ட நடு ரூம். அதனாலதான் முன் சுவர்ல இருந்து ரூம் நீளத்துல 38 சதவீதம் தள்ளி உட்காருங்கன்னு சொல்வாங்க. நம்ம 12 அடி ரூமுக்கு அது சுமார் நாலரை அடி. அது ஒரு ஆரம்பப் புள்ளி, வேதவாக்கு இல்ல. அங்கே உட்கார்ந்து, கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்து கேட்டுப் பார்க்கணும். பின் சுவர்ல முதுகு சாய்ச்சு மிக்ஸ் பண்றது மட்டும் வேணாம், அங்கே எல்லா மோடும் உச்சத்துல இருக்கும்.

இன்னொண்ணு சொல்லணும். யூட்யூப்ல வர்ற வெளிநாட்டு வீடியோவை அப்படியே நம்ம ரூமுக்குப் பொருத்தாதீங்க. அமெரிக்க வீடுகள்ல சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்து மேல ஜிப்சம் போர்டு. கீழ் ஃப்ரீக்வென்சியில அந்தச் சுவரே லேசா அசைஞ்சு ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சிக்கும், கொஞ்சம் வெளியேயும் விட்டுடும். நம்ம செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை எதையும் விடாது. பாஸ் உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். ஜன்னலைத் திறந்து வைச்சா கொஞ்சம் வெளியே போகும். கொசு உள்ள வரும், அது வேற கதை.

அடுத்தது ஸ்பீக்கருக்குப் பின்னாடி இருக்கிற சுவர். ஸ்பீக்கரிலிருந்து பின்பக்கமாகப் போகும் பாஸ் சுவரில் பட்டுத் திரும்பி வந்து, நேராக வரும் ஒலியோடு சேரும். சுவருக்கும் ஸ்பீக்கர் முகத்துக்கும் உள்ள தூரம் கால் அலைநீளமாக இருந்தால், போய் வர அரை அலைநீளம் ஆகிவிடும், ரெண்டும் ஒன்றை ஒன்று அழிச்சிடும். 60 சென்டிமீட்டர் தள்ளி வைச்சா அது 145 ஹெர்ட்ஸ். சுவரை விட்டுத் தள்ளி வைங்கன்னு எல்லாரும் சொல்ற அறிவுரை சின்ன ரூம்ல இப்படித்தான் வேலை பார்க்குது. என் கருத்து நேர் எதிர்: ஒட்டி வைங்க. முகம் சுவர்ல இருந்து 25 சென்டிமீட்டர்ல இருந்தா அந்தப் பள்ளம் 350 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிடும். அங்கே 4 இன்ச் ராக்வூல் வைச்சாலே நல்லா உறிஞ்சும். சுவர் பக்கத்துல பாஸ் கூடும், உண்மைதான். அதைக் குறைக்கத்தான் மானிட்டர் பின்னாடி சின்னதா ஒரு சுவிட்ச் இருக்கு.

முட்டை அட்டையை ஒட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை. 100 ஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட மூணரை மீட்டர் நீளம். அதுக்கு முன்னாடி முட்டை அட்டையோ, 2 இன்ச் ஃபோமோ இருக்கிறதும் இல்லாததும் ஒண்ணு. மேல் ஃப்ரீக்வென்சியை மட்டும் தின்னுட்டு, ரூமை இன்னும் மந்தமா, பாஸை இன்னும் குழப்பமா ஆக்கிடும்.

இந்த இடத்துல எல்லாருக்கும் வர்ற கேள்வி: அளந்து பார்த்து ஈக்யூ போட்டுட்டா என்ன? அளக்கிறது ரொம்ப நல்ல விஷயம். ரூம் ஈக்யூ விசார்ட் இலவசம். கேலிபிரேஷன் ஃபைலோட வர்ற ஒரு மெஷர்மென்ட் மைக் மட்டும் வேணும், நாலு பேர் சேர்ந்து வாங்கினா போதும். 20 ஹெர்ட்ஸ்ல இருந்து மேல வரைக்கும் ஒரு சைன் ஸ்வீப் ஓட்டி, அதிலிருந்து டீகன்வல்யூஷன் மூலம் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை எடுத்துத் தருவாங்க. வந்த கிராஃப்ல மேடு இருந்தா ஈக்யூல தட்டலாம். மோடால வந்த மேடுன்னா, அதைக் குறைக்கும்போது இழுபடுற ஒலியும் சேர்ந்து குறையும். ஆனா பள்ளத்தை நிரப்ப முடியாது. ஏன்னா நேரா வர்ற ஒலியும் சுவர்ல பட்டு வர்ற ஒலியும் சண்டை போட்டு அழியுறதுதான் பள்ளம். நீங்க 10 டெசிபெல் ஏத்தினா ரெண்டுமே 10 டெசிபெல் ஏறும், சண்டை அப்படியே தொடரும். ஆம்ப்ளிஃபையர் மட்டும் அந்த ஃப்ரீக்வென்சியில 10 மடங்கு பவர் கொடுத்துக்கிட்டு இருக்கும். மேட்டைத் தட்டுங்க, பள்ளத்துக்கு நாற்காலியை நகர்த்துங்க.

அப்போ ஃப்ளாட்டா இருக்கிறதுதான் நல்ல மானிட்டரா? இங்கே ஒரு சுவாரசியமான ஆள் இருக்கார்: யமஹா என்எஸ்-10. 1978-ல வீட்டு ஹைஃபை ஸ்பீக்கரா வந்தது. ரெஸ்பான்ஸ் ஃப்ளாட் கிடையாது, மிட்ல ஒரு திமில், கீழ் பாஸ் கம்மி. ஆனா உலகம் முழுக்க ஸ்டுடியோ கன்சோல் மேல அந்த வெள்ளைக் கோன் ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது. ட்வீட்டர் கூர்மை தாங்காம டிஷ்யூ பேப்பர் ஒட்டினவங்களும் உண்டு. கோனுக்கான மரக்கூழ் கிடைக்காம 2001-ல யமஹா தயாரிப்பை நிறுத்தியது. அதே வருஷம் நியூவெல், ஹாலண்ட் ஆகியோர் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பல மானிட்டர்களோடு சேர்த்து இதை அளந்தாங்க. விடை டைம் டொமைன்ல இருந்தது. என்எஸ்-10 துளை இல்லாத மூடிய பெட்டி, சிக்னல் நின்னதும் பாஸும் சட்டுனு நின்னுடும். போர்ட் வைச்ச பெட்டியில சிக்னல் நின்ன பிறகும் போர்ட் கொஞ்ச நேரம் ரீங்காரம் போடும். கிக் டிரம்முக்கும் பாஸ் கிட்டாருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை அந்த ரீங்காரம் மூடிடும். ஸ்பெக் ஷீட்ல ஃப்ரீக்வென்சி கிராஃபை மட்டும் பார்த்து ஸ்பீக்கர் வாங்காதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான்.

ரூமே வேணாம், ஹெட்ஃபோன் போட்டுக்கிறேன் என்று இந்நேரம் முடிவு பண்ணியிருப்பீங்க. பாதி சரி. ஹெட்ஃபோன்ல சுவர் இல்ல, மோட் இல்ல. 40 ஹெர்ட்ஸ்ல என்ன நடக்குதுன்னு நம்ம 12 அடி ரூமைவிட ஒரு நல்ல ஹெட்ஃபோன்தான் ஒழுங்கா சொல்லும். ஆனா ஸ்டீரியோ என்பதே ஸ்பீக்கரை மனசுல வைச்சு வந்த ஏற்பாடு. இடது ஸ்பீக்கரோட ஒலி தலையைச் சுத்தி வலது காதுக்கும் போகும், சுமார் 0.26 மில்லிசெகண்ட் தாமதமா. ஹெட்ஃபோன்ல இது கிடையாது. அதனால பான் பண்ணின கிட்டார் காதுக்குள்ள ஒட்டிக்கும், நடுவுல இருக்க வேண்டிய குரல் மண்டைக்குள்ள உட்காரும். அது மட்டுமில்ல. நடுவில் இருக்கும் குரல் ரெண்டு ஸ்பீக்கர்லயும் வருது, ஒவ்வொரு காதுக்கும் அதோட ரெண்டு காப்பி 0.26 மில்லிசெகண்ட் வித்தியாசத்துல போய்ச் சேருது. கணக்குப் போட்டா சுமார் 1900 ஹெர்ட்ஸ்ல ஒரு சரிவு வரணும், வரவும் செய்யுது. குரலோட தெளிவுக்கு முக்கியமான இடம் அது. ஹெட்ஃபோன்ல கச்சிதமா இருந்த குரல் ஸ்பீக்கர்ல கொஞ்சம் பின்வாங்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஹெட்ஃபோன்ல ஃப்ளாட் என்பதற்கே அர்த்தம் வேற. காது மடலும் குழாயும் சேர்ந்து 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியை இயல்பாவே ஏத்திக் கொடுக்கும். ஹெட்ஃபோன் அதையும் நகல் எடுக்கணும். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி குழு 2013 வாக்கில் வெளியிட்ட ஆய்வுகள்ல, நல்ல ரூம்ல நல்ல ஸ்பீக்கர் எப்படிக் கேட்குமோ அதுக்கு நெருக்கமா இருக்கிற ஹெட்ஃபோனைத்தான் பெரும்பாலானவங்க விரும்பினாங்க. இன்னைக்கு ஹார்மன் டார்கெட்னு சொல்றது அதைத்தான். உங்க மாடலுக்கான திருத்தத்தை ஆட்டோஈக்யூ இலவசமா தருது. ஆனா அது ஒரு டம்மி தலையில அளந்தது, உங்க தலையில இல்ல. 8000 ஹெர்ட்ஸுக்கு மேல சொல்ற திருத்தத்தை நான் எடுத்துக்கிறது இல்ல.

கண்ணாடி போட்டிருக்கீங்களா? ஃப்ரேமோட காம்பு காது பேடைத் தூக்கி ஒரு இடுக்கு விடும், பாஸ் அது வழியா வெளியே போயிடும். கண்ணாடியைக் கழட்டிட்டு ஒருமுறை கேளுங்க, வித்தியாசம் உங்களுக்கே தெரியும். ஈஇஇ ஆளுங்களுக்கு ஒரு கணக்கு: 300 ஓம் ஹெட்ஃபோன், பாஸ் ரெசனன்ஸ்ல 500 ஓம் வரைக்கும் ஏறுது. ஆம்ப்போட அவுட்புட் இம்பீடன்ஸ் 120 ஓம்னா, வோல்டேஜ் டிவைடர் போட்டுப் பாருங்க, பாஸ் 1 டெசிபெல் கூடிடும். யாரும் எந்த நாபையும் தொடல.

என்னைக் கேட்டா, கீழ் பாஸ், க்ளிக் சத்தம், எடிட் இதெல்லாம் ஹெட்ஃபோன்ல. குரல் எவ்வளவு, பான் எங்கே, ரிவெர்ப் எவ்வளவு என்பதெல்லாம் ஸ்பீக்கர்ல. ரெண்டும் ஒத்துப்போகாத இடத்துல உடனே கை வைக்காதீங்க, எந்தக் கருவி அந்த ஃப்ரீக்வென்சியில நம்பத்தகுந்ததுன்னு முதல்ல யோசிங்க.

கடைசியா வால்யூம். 1933-ல பெல் லேப்ஸ்ல ஃப்ளெட்சரும் மன்சனும் காட்டின விஷயம் இது: மெதுவா கேட்கும்போது நம்ம காது பாஸைக் கம்மியா எடுத்துக்கும். 40 டெசிபெல் அளவுல 1000 ஹெர்ட்ஸுக்குச் சமமா கேட்கணும்னா, 100 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 64 டெசிபெல் வேணும். சத்தம் கூடக் கூட இந்த வித்தியாசம் சுருங்கும். அதனால தினம் ஒரு வால்யூம்ல மிக்ஸ் பண்ணினா தினம் ஒரு பாஸ் வரும். நாபுல ஒரு மார்க் போட்டு அங்கேயே வைங்க. சின்ன ரூமுக்கு 75 டெசிபெல் பக்கம் போதும். இன்னும் கொஞ்சம் ஏத்தினா நல்லாத்தான் இருக்கும், அதுதான் பொறி. அமெரிக்க நியோஷ் வரம்பு 85 டெசிபெல்லுக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 94-ல ஒரு மணி நேரம்தான். ஹெட்ஃபோன்ல அந்த 94 எப்போ வந்துச்சுன்னே தெரியாது, போன காது திரும்பி வராது.

95 ஹெர்ட்ஸ் நடையை நடந்து பார்த்தவங்க, ரூம் அளவையும் சத்தம் காணாமப் போன அடியையும் எழுதி அனுப்புங்க. ரூம் 12 அடி இல்லைன்னா 95-ஐ அப்படியே போடாதீங்க, 1142-ஐ உங்க ரூம் நீளத்தின் அடியால வகுத்துக்கோங்க.