நோயுள்ள பிரயாணியின் மஸ்அலாக்கள்

ஏற்காட்டு மலைமேலுள்ள நாகலூரிலிருந்து பெரியவர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் கீழக்கரைப் பக்கம். வயது 60ஐத் தாண்டிவிட்டது. வாலிபத்தில் வியாபாரத்துக்காகவும், பிறகு ஜியாரத்துக்காகவும் ஓயாமல் பிரயாணம் செய்தவர். ஒரு மாதம் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்தால் உடம்புக்கு ஆகாது என்று சொல்லக்கூடியவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி. சென்ற மாதம் வலது காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. புண் ஆறும்வரை காலை ஊன்ற வேண்டாமென்று டாக்டர் சொல்லியனுப்ப, மகள் வீட்டில் 40 நாள் தங்குவதாக நிய்யத்து வைத்து நாகலூர் வந்திருக்கிறார்.

வரும் வழியில் பஸ் நிலையங்களில் உளூச் செய்தபோதெல்லாம் கட்டை அவிழ்த்துக் காலைக் கழுவியிருக்கிறார். நின்றே தொழுதிருக்கிறார். மலைக்கு வந்ததும், சென்ற ரமளானில் விட்டுப்போன நோன்புகளைக் கழாச் செய்யவும் ஆரம்பித்துவிட்டார். ஆறிவந்த புண் மறுபடியும் வாய் திறந்துகொண்டது. சலுகையைத் தேடுவது ஈமானின் பலவீனமல்லவா, இரண்டு மாதத்தில் உம்ராவுக்குப் புறப்படலாமா என்று கேட்கிறார். கடிதத்தின் அடியில் அவருடைய மகளார் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: டாக்டர் சொன்னால் வாப்பா கேட்பதில்லை, நீங்கள் எழுதினால் கேட்பார்கள் என்று.

இதே நிலையில் பல வீடுகளில் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு ஹதீஸ். ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து அபூதாவூதில் பதிவாகியிருப்பது. ஸஹாபாக்கள் சிலர் பிரயாணத்திலிருந்தபோது ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் உண்டாயிற்று. பின்னர் அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, உமக்குச் சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். இது பெருமானார் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அம்மனிதரைக் கொன்றவர்கள் அவர்கள்தாம் என்று கடுமையாகச் சொன்னார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா என்றும், அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்றும் கூறினார்கள். இந்த ஹதீஸின் பிற்பகுதியில் காயத்தின் கட்டின்மேல் தடவுவதைப் பற்றி வரும் வாசகத்தின் அறிவிப்பாளர் தொடரில் ஹதீஸ் கலை வல்லுநர்கள் பேசியிருக்கிறார்கள். ஆயினும் கட்டின்மேல் தடவும் சட்டத்தை நான்கு மத்ஹபுகளும் ஏற்றிருக்கின்றன.

இறந்தவர் பேணுதலில் குறைந்தவரல்லர். சொன்னவர்களும் தீய எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தும் அவர்கள் கண்டிக்கப்பட்டார்கள் என்பதைப் பெரியவர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். பெரியவருக்கு இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. ஒன்று பிரயாணம், மற்றொன்று நோய். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கீழக்கரையிலிருந்து புறப்பட்டு ஏற்காடு சேரும்வரை அவர் முஸாபிர். தூரம் 300 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் கஸ்ருடைய தூரத்தைப் பற்றிச் சந்தேகத்துக்கே இடமில்லை. லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ ஷாபிஈ மத்ஹபில் அவருக்கு அனுமதி இருந்தது. ஹனபி மத்ஹபில் அப்படிச் சேர்க்கும் வழக்கம் இல்லை. லுஹரைக் கடைசி நேரத்திலும் அஸரை ஆரம்ப நேரத்திலும் தொழுது சிரமத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் 40 நாள் தங்கும் நிய்யத்தோடு நாகலூரில் கால் வைத்ததும் பிரயாணச் சலுகை முடிந்துவிடுகிறது. வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக 4 நாள் தங்க நாடினாலே ஷாபிஈ மத்ஹபில் கஸ்ரு இல்லை. ஹனபி மத்ஹபில் 15 நாள் கணக்கு. புண்ணைக் காட்ட நாகலூரிலிருந்து சேலம் இறங்கி அன்றே திரும்புவதிலும் கஸ்ரு கிடையாது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையில் சாலை வழி சுமார் 30 கிலோமீட்டர்தான். 20 கொண்டை ஊசி வளைவுகளும் வயிற்றைப் புரட்டினாலும் தூரம் தூரம்தான்!

பிரயாணச் சலுகை போயிற்றென்றால் நோயின் சலுகையும் போயிற்று என்று பெரியவர் எண்ணிக்கொண்டார் போலும். நோய் இருக்கும்வரை அதன் சலுகை இருக்கும், சொந்த ஊரில் இருந்தாலும் சரி. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூலவியாதி இருந்தது. நின்று தொழும், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் விலாப்புறம் படுத்துத் தொழும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்னது புகாரியில் இருக்கிறது. ‘முடியாமை’ என்றால் எழுந்து நிற்கவே சக்தியற்றுப் போவது மட்டுமன்று. நிற்பதால் நோய் அதிகமாகும், அல்லது குணமாகத் தாமதமாகும் என்று நம்பத்தகுந்த வைத்தியர் சொன்னாலும் அதில் அடங்கும். பாதத்தில் புண்ணுள்ளவரின் முழுப் பாரமும் நிற்கும்போது அந்தப் புண்ணின்மேல்தான் இறங்குகிறது. காலை ஊன்றாதே என்று டாக்டர் சொன்னதற்கு இதுவே காரணம். நாற்காலியிலோ கட்டிலிலோ உட்கார்ந்து தொழலாம். ஜும்ஆவுக்கு வர இயலாத நோயாளிக்கு அது கடமையில்லை. வீட்டில் லுஹர் தொழுதால் போதும்.

உளூவில் கட்டை அவிழ்க்க வேண்டியதில்லை. ஷாபிஈ மத்ஹபில், காலில் கட்டில்லாத இடத்தைக் கழுவி, கட்டின்மேல் ஈரக்கையால் தடவி, புண்ணுக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். உளூவோடு இருக்கும்போது கட்டுப் போட்டிருந்து, கட்டும் தேவைக்கு மேல் அகலமாக இல்லாவிட்டால், குணமான பின் அத்தொழுகைகளைத் திருப்பித் தொழ வேண்டியதில்லை. ஆகவே, கட்டு மாற்றுகிற நாளில் முடிந்தால் உளூச் செய்துவிட்டு மாற்றிக்கொள்வது நல்லது. ஹனபி மத்ஹபில் கட்டின்மேல் தடவுவதே போதும். தயம்மும் சேர்க்க வேண்டாம்.

மலைக்குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி விடியலில் தண்ணீர் தொடமுடியாமல் இருக்கும். தாத்துஸ் ஸலாஸில் யுத்தத்துக்குச் சென்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் கடுங்குளிர் இரவில் குளிப்பு கடமையாகி, குளித்தால் உயிருக்கு ஆபத்தென அஞ்சித் தயம்மும் செய்து தொழவைத்தார்கள். பெருமானார் (ஸல்) விசாரித்தபோது, உங்களையே நீங்கள் கொன்றுகொள்ளாதீர்கள் என்ற கருத்துள்ள இறைவசனத்தை எடுத்துச் சொன்னார்கள். பெருமானார் சிரித்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் அடுப்பும் விறகும் இருக்க, குளிரைக் காரணம் காட்டித் தயம்மும் செய்ய வழியில்லை. வெந்நீர் போட்டுக்கொள்ளலாமே.

அந்த வெந்நீரில்தான் சர்க்கரை வியாதிக்காரருக்கு ஆபத்து ஒளிந்திருக்கிறது. நாட்பட்ட சர்க்கரை பாதத்தின் நரம்புகளைக் கெடுத்து உணர்ச்சியை மரக்கச் செய்துவிடுகிறது. கொதிநீர் பட்டாலும் தெரியாது, தோல் வெந்த பிறகே கண்ணுக்குப் படும். ஆகவே நீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது. முழங்கையால் பார்க்க வேண்டும், அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். குளிருக்காகக் கணப்பின் அருகே காலை நீட்டுவதும், வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்குவதும் கூடாது. காபித் தோட்டத்துப் பாதையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். காலணி போடுமுன் கையை உள்ளே விட்டுக் கல், முள் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவும். இரவில் இரண்டு பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் மகளார் பார்த்துவிட்டால் நல்லது. மலைக்காற்று மனத்துக்கு இதமாக இருக்கும், பசியும் எடுக்கும். புண்ணை ஆற்றுவதோ சர்க்கரைக் கட்டுப்பாடும் சுத்தமும் ஓய்வும்தான்.

நோன்பு விஷயத்தில் பெரியவர் அவசரப்பட்டுவிட்டார். நோயாளிக்கும் பிரயாணிக்கும் வேறு நாட்களில் எண்ணிக்கையை நிறைவு செய்துகொள்ளலாம் என்று அல்பகரா சூராவின் 184, 185ஆம் வசனங்கள் சொல்கின்றன. நோயால் விட்ட நோன்பை அதே நோய் நீடிக்கும்போது பிடித்தாக வேண்டும் என்பதில்லை. ஊசி போட்டுக்கொள்பவர் சாப்பிடாமலிருந்தால் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கமாகலாம். சில சமயம் உயிருக்கே ஆபத்து. ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் வரையறை. விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. குணமாகும் நம்பிக்கை இருந்தால் பின்னால் கழாச் செய்யலாம். இனி நோன்பு பிடிக்கவே இயலாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டால் ஷாபிஈ மத்ஹபில் நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம் பிதியா கொடுக்க வேண்டும்.

பெரியவரின் உள்ளத்தை அரிப்பது மஸ்அலா மட்டுமன்று என்று நமக்குத் தோன்றுகிறது. ஓடிப் பழகிய கால் கட்டிலில் கிடக்க மறுக்கிறது. அவரைப்போல் பிரயாண மோகம் கொண்ட ஒருவர் ஏறக்குறைய 680 ஆண்டுகளுக்கு முன் நம் மதுரையிலேயே நோயில் விழுந்திருக்கிறார். அவர்தாம் இப்னு பதூதா.

மொராக்கோவிலுள்ள தன்ஜாவில் 1304ல் பிறந்து 1325ல் ஹஜ்ஜுக்காகத் தனியே புறப்பட்டவர். புறப்பட்ட கொஞ்ச நாளிலேயே பிஜாயா என்ற ஊரில் ஜுரம் கண்டது. தங்கி குணமானபின் வாரும் என்று உடனிருந்தவர் சொன்னார். மரணம் விதிக்கப்பட்டிருந்தால் ஹிஜாஸை நோக்கிய வழியிலேயே வரட்டும் என்று இவர் மறுத்துவிட்டார். பிறகு துனிஸ் போகும் வழியில் ஜுரத்தின் தளர்ச்சியால் கீழே விழுந்துவிடுவோமோ என்று அஞ்சி, தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு சென்றாராம். அப்போது வயது 21. அது வாலிபத்தின் துணிச்சல். நாம் அதைப் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகச் சொல்ல மாட்டோம். மறு ஆண்டு ரமளானில் டமாஸ்கஸில் மறுபடியும் ஜுரம். அங்கே ஒரு மாலிகி ஆலிம், என் வீட்டை உம்முடைய வீடாக நினைத்துக்கொள்ளும் என்று சொல்லி, மருத்துவரை வரவழைத்து, அவர் சொன்ன உணவையும் மருந்தையும் தம் வீட்டிலேயே தயாரிக்கச் செய்தார். பெருநாள் வரை இப்னு பதூதா அங்கேயே தங்கிக் குணமடைந்தார். பிரயாணியான நோயாளியை வைத்துப் பராமரிப்பவர்கள், நாகலூரில் உள்ள மகளார் உட்பட, இதை அறிந்து மகிழலாம்.

மதுரைக்கு அவர் வந்தது 40 வயதையொட்டி, மஃபர் சுல்தான்களின் காலத்தில். ஊரில் கொள்ளைநோய். தமக்கும் கொடிய ஜுரம் வந்து, இதுவே முடிவு என்று நினைத்துவிட்டார். அவ்வூரில் ஏராளமாகக் கிடைத்த புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிற்றுப்போக்குக்குப் பின் அல்லாஹ் சுகமளித்தான் என்று தம் பிரயாண நூலில் சொல்லியிருக்கிறார். (ஜுரத்துக்குப் புளித்தண்ணீர் மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், இன்று ரத்தம் சோதித்து மருந்து கொடுக்க டாக்டர்கள் இருக்கிறார்கள்.) நமக்கு முக்கியமானது அதற்கு அடுத்து நடந்தது. மதுரையை விட்டுக் கப்பலேறிக் கொல்லம் வந்தவர், நோயின் மிச்சம் உடம்பில் இருந்ததால் அங்கே மூன்று மாதம் தங்கிவிட்டார். சேணத்தில் கட்டிக்கொண்டு போன அதே மனிதர்தாம்! அதன் பின்னும் அவர் பல ஆண்டுகள் பிரயாணம் செய்தார்.

தங்கிவிட்டால் அமல் குறைந்துபோகுமே என்ற கவலைக்கும் பதில் உண்டு. அடியான் நோயுற்றாலும் பிரயாணம் போனாலும், அவன் சுகமாக ஊரில் இருந்தபோது வழக்கமாகச் செய்துவந்த அமலின் கூலி அவனுக்கு எழுதப்படுகிறது என்று அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அந்த ஹதீஸ் பெயர் சொல்லும் இருவரும் பெரியவரிடத்தில் ஒன்றாகவே இருக்கிறார்கள்.

உம்ரா விஷயம்: இரண்டு மாதம், மூன்று மாதம் என்று நாம் தேதி குறிக்க முடியாது. புண் முழுவதும் மூடி, டாக்டர் நடக்க அனுமதித்த பிறகு புறப்படலாம். ஊசி மருந்தைக் கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். விமானத்தின் சரக்கு அறையில் உறைந்துவிட்டால் பயன்படாது. தேவைக்கு இரட்டிப்பாக மருந்தும், டாக்டரின் சீட்டும், சர்க்கரை குறைந்தால் வாயில் போட இனிப்பும் எப்போதும் உடன் இருக்க வேண்டும். மக்காவில் வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நடந்து, வலி தெரியாமலேயே பாதம் வெந்துபோன சர்க்கரை நோயாளிகள் உண்டு. தவாபை நடந்தே செய்ய வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் சுகவீனமாக இருப்பதாகச் சொன்னபோது, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்து தவாப் செய்யும்படி பெருமானார் (ஸல்) அவர்களே சொன்னார்கள். இக்காலத்தில் சக்கர நாற்காலி இருக்கிறது.

இஹ்ராமில் பாதத்தில் கட்டுப் போட்டிருப்பதால் பிதியா ஏதும் இல்லை. பாதத்தை மூடும் காலணியே வேண்டும் என்று டாக்டர் சொன்னால் அதையும் அணியலாம். குற்றமில்லை, ஆனால் பிதியா உண்டு. ஓர் ஆடு அறுப்பது, ஆறு ஏழைகளுக்கு உணவளிப்பது, மூன்று நோன்பு பிடிப்பது ஆகிய மூன்றில் விரும்பியதைச் செய்யலாம். பெரியவர் நோன்பைத் தேர்ந்தெடுக்காமல், ஹரம் எல்லைக்குள் உள்ள ஏழைகளுக்கு உணவளித்துவிடட்டும்.