புல்தரையில் பயற்றுக்கொடி வளர்ப்போம்

மழைக்குக் குறைவில்லை, ஆயினும் புல் வெளிறிக் கிடக்கிறது. நாள் முழுதும் மேய்ந்தும் பசுவின் மடி நிறையவில்லை. பால் விற்றுப் பிள்ளைகளின் பள்ளிச் செலவை ஈடுகட்டும் தோட்டக் குடும்பத்துக்கு இது சிறு கவலையன்று. மண்ணில் தழைச்சத்துக் குறைவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். உரம் வாங்க இயலாதவர் என்ன செய்வது?

நியூசிலாந்து உழவர்கள் புல்லோடு குளோவர் என்னும் பயற்றினச் செடியை வளர்க்கின்றனர். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. குளிர்நாட்டுச் செடியாகிய குளோவர் நம் தாழ்நிலத்து வெப்பத்தில் செழிக்காது. ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த சென்ட்ரோசீமாவை நாம் அறிவோம். இளம் ரப்பர் கன்றுகளின் வரிசைகளுக்கிடையே படரும் மூடுபயிர்களுள் அதுவும் ஒன்று. ரப்பருக்கு உதவும் அக்கொடி புல்லுக்கும் உதவும்.

செய்முறை:

1. மழைக்காலத் தொடக்கத்தில் புல்லை ஒட்ட மேயவிடுக, அல்லது அறுத்திடுக. பின்னர் ஒரு முழ அகலத்தில் வரிசை வரிசையாகப் புல்லைக் கொத்தி மண்ணை இளக்குக.

2. விதையின் தோல் கடினமானது. கொதிநீர் இரண்டு பங்கும் தண்ணீர் ஒரு பங்கும் கலந்து, அதில் விதையை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்திடுக. ஏக்கருக்கு ஏறக்குறைய 2 கிலோ விதை போதும்.

3. விதை நன்கு ஆறிய பின், இக்கொடி செழித்து வளரும் இடத்து மண்ணில் சிறிது எடுத்து அதனுடன் பிசறுக. வேண்டிய நுண்ணுயிர்கள் அம்மண்ணில் உள்ளன. சூடும் வெயிலும் அவற்றைக் கொன்றுவிடும். ஆகவே உடனே விதைத்து 2 சென்டிமீட்டர் மண்ணால் மூடுக.

4. வரிசைகளில் பாறைப் பாஸ்பேட்டு உரம் தூவுக. யூரியா இடலாகாது, அது புல்லை உயர்த்திக் கொடியை அமுக்கிவிடும்.

பலர் தவறுவது இதற்குப் பின்னரே. முளைத்த கன்று மெல்ல வளரும். புல்லோ விரைந்து உயரும். நிழலில் சிக்கிய கன்று மடியும். விதைக்குச் செலவிட்ட பணமும் வீணாகும். எனவே கன்றுகளுக்கு மேலே எழும் புல்லை அடிக்கடி அறுத்து மாட்டுக்கு இடுக. கொடி நன்கு படரும்வரை மாட்டை அங்கே விடலாகாது. பின்னரும் விட்டு விட்டே மேய்த்தல் வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கொடியை வேரோடு எடுத்து முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்று பொருள்.

மூடுபயிர் உள்ள தோட்ட நிலத்தில் மாட்டை விடுவது முறையன்று. நிர்வாகத்தின் இசைவு பெற்ற மேய்ச்சல் நிலத்தில், முதலில் இரண்டு வரிசைகளில் மட்டும் தொடங்குவோம். அவை தழைத்த பின் மற்ற வரிசைகளுக்கும் பரப்புவோம்.