கூடைப்பந்துக் குழுவின் ஓராண்டு

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் உடையது. கோயிலால் புகழ்பெற்ற அவ்வூருக்குப் பிற்காலத்தில் பீங்கான் தொழிலாலும் பெயர் உண்டாயிற்று. அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும் நிலத்திலே வெண்களிமண்ணும் கிடைக்கிறது. பொம்மையும் அகல்விளக்கும் மின்தொழிலுக்குரிய பீங்கான் உறுப்புகளும் இவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளிவருகின்றன. மாணவர்களே, கூடைப்பந்தாட்டத்தைப் பற்றிக் கூற வந்தவன் மண்ணையும் சூளையையும் பேசுவது ஏன் என்று நீங்கள் வினவலாம். ஒரு கல்லூரியின் ஆடவர் குழு ஓராண்டில் உருவாகும் முறையை விளக்க, எங்கள் ஊர்ச் சூளையினும் ஏற்ற உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் ஆட்டத்தின் பிறப்பைக் காண்போம். 1891-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரிடம் 18 இளைஞர்கள் கொண்ட வகுப்பு ஒன்று ஒப்படைக்கப்பட்டிருந்தது. குளிர்காலமாதலால் அவர்கள் வெளியில் ஆட இயலவில்லை. கூடத்தினுள் செய்த உடற்பயிற்சியோ அவர்களுக்குச் சலிப்பூட்டியது. கூடத்தினுள் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றை 14 நாட்களுக்குள் வகுக்குமாறு நெய்ஸ்மித்தைத் துறைத்தலைவர் பணித்தார். அவர் ஆழ்ந்து எண்ணினார். பந்தை ஏந்தி ஒருவன் ஓடுவதனாலன்றோ பிறர் அவனைப் பற்றி வீழ்த்துகின்றனர்? ஓட்டத்தை விலக்கிவிட்டால் வீழ்த்தலும் ஒழியும். இலக்கு தரையில் இருப்பதனாலன்றோ பந்தை வன்மையாக எறிகின்றனர்? இலக்கைத் தலைக்கு மேலே உயர்த்திவிட்டால், பந்தை வளைவாகவும் மென்மையாகவும் எறிந்தே தீரவேண்டும். முரட்டுத்தனம் தீது என்று அறிவுரை கூறிக்கொண்டிராமல், முரட்டுத்தனத்தால் பயனே இல்லாத ஓர் ஆட்டத்தை அவர் அமைத்துவிட்டார். இஃது எளிய செயலன்று.

பெட்டிகள் கேட்ட அவருக்குக் கிடைத்தவை பீச்சுப்பழக் கூடைகள் இரண்டு. மேன்மாடத்தின் கைப்பிடியில் அவற்றை அறைந்தார். அக்கைப்பிடியின் உயரம் 10 அடி. தற்செயலாய் வாய்த்த அவ்வுயரமே இன்றும் உலகெங்கும் வளையத்தின் உயரமாக நிலைத்துள்ளது. கூடையின் அடி மூடியிருந்தமையால், பந்து விழுந்தபோதெல்லாம் ஏணியில் ஏறி எடுத்தார்களாம்!

ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். 1924-இல் பாரிசு ஒலிம்பிக் விழாவுக்குச் சென்ற இந்தியக் குழுவின் மேலாளரும் அவரே. அக்கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் வாயிலாகப் புதிய ஆட்டங்கள் பல நம் பள்ளிகளை அடைந்தன. பந்தாட்டமோ தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கந்துகவரி என்றே ஒரு பகுதி உண்டு; அதில் பந்தாடுவோர் மகளிர். ஆடவர் குழுவைப் பற்றி எழுதும்போது இதனை நினைவூட்டுவதில் எனக்குச் சிறிது மகிழ்ச்சி. இந்திய மகளிர் கூடைப்பந்துக் குழுவுக்குத் தலைமை தாங்கிய தமிழ்நாட்டு வீராங்கனை அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இனிக் கல்லூரிக் குழுவுக்கு வருவோம். கோடை விடுமுறை கழிந்து கல்லூரி திறந்ததும் புதிய மாணவர்கள் ஆடுகளத்திற்கு வருவர். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடைய அக்களத்தில் ஒரே வேளையில் ஆடுவோர் ஒரு பக்கத்துக்கு ஐவரே. மாற்று ஆட்டக்காரரையும் சேர்த்துக் குழுவில் பன்னிருவர் இருப்பர். வருபவருள் ஒருவன் உயரமானவன். ஒருவன் விரைந்து ஓடுபவன். மற்றொருவன் தன் பள்ளியில் தானே தலைவனாய் விளங்கி, பந்தைப் பிறர்க்கு வழங்கி அறியாதவன். இம்மூன்றாமவனைத் திருத்துவதே பயிற்றுநருக்குப் பெரும்பாடு.

இங்கேதான் சூளை நினைவுக்கு வருகிறது. ஈரமண்ணால் வனைந்த கலம் உலரும்போது சுருங்கும். மெல்லிய விளிம்பு விரைவாகவும் தடித்த அடி மெதுவாகவும் உலர்ந்தால், கலத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகும். அது சில வேளைகளில் கண்ணுக்குப் புலப்படாது. மேற்பூச்சு இட்டால் பளபளப்பாகவே தோன்றும். 1200 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் வெந்து வெளிவரும்போதுதான் கலம் இரண்டாய்ப் பிளந்திருப்பது தெரியும். பார்ப்பவர் தீயைப் பழிப்பர். தொழிலறிந்தவரோ உலர்த்திய நாட்களை எண்ணிப் பார்ப்பார்.

குழுவும் அவ்வாறே. முதற்சில திங்களில் கால்வைப்பும், பந்தைத் தட்டிச் செல்லுதலும், இருவர் மூவராகக் கைமாற்றுதலும் நாள்தோறும் நடைபெறும். அவற்றில் பார்ப்போர்க்குச் சுவை இராது, கைதட்டுவாரும் இரார். ஐப்பசி, கார்த்திகை மழை எங்கள் மாவட்டத்துத் திறந்தவெளிக் களங்களைப் பல நாள் நனைத்துவிடும். அந்நாட்களின் பயிற்சி போயிற்றே என்று சிலர் அவசரப்பட்டு, அடிப்படையை விட்டுவிட்டு ஆட்டத்திற்குத் தாவுவர். வெடிப்பு விழுவது அப்போதுதான்.

பின்னர்ப் போட்டிகள் வரும். ஒரு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரிகள் முதலில் தம்முள் மோதும். அவற்றில் சிறந்து ஆடியவர்களைத் தெரிந்தெடுத்துப் பல்கலைக்கழகக் குழு அமைப்பர். அக்குழு தென்மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்குச் செல்லும்; அங்கே முன்னணியில் நின்றால் அனைத்திந்தியப் போட்டிக்கும் செல்லும். நேற்று எதிர்க்கல்லூரியில் நின்று தன்னைத் தடுத்தவனுக்கே இன்று பந்தை வழங்கவேண்டிய நிலை இதனால் ஒருவனுக்கு உண்டாகிறது. வேறு பாடம் எதுவும் கற்பிக்காத பழக்கம் இது என்பேன்.

நாற்பது நிமிட ஆட்டத்தில் என் கண்ணுக்கு அரியதாகத் தோன்றுவது தடையற்ற எறிதலே. எதிரி பிழை செய்ததற்கு ஈடாக அது வழங்கப்படும். பின்பலகையிலிருந்து 4.6 மீட்டர் தொலைவிலுள்ள கோட்டின் பின் ஒருவன் தனியே நிற்பான். அவனைத் தடுப்பார் இல்லை. ஐந்து நொடிக்குள் எறிதல் வேண்டும். வளையத்தில் விழுந்தால் ஓர் எண். இதனினும் எளிது எது என்று தோன்றும். ஆயின் இரு குழுவும் சமநிலையில் நிற்க, ஆட்டம் முடியும் வேளையில், மூச்சு வாங்கும் மார்போடும் வியர்த்த கையோடும் அதனை எறிந்து பாருங்கள்! அதனால்தான் நல்ல பயிற்றுநர் மாணவனைக் களைக்க ஓடவிட்டு, அதன் பின்னரே அவ்வெறிதலைப் பழக்குவர். ஓய்ந்த உடலோடு பழகாத கை அன்று நடுங்கும்.

கல்லூரிக் குழுவுக்கு மற்றொரு வருத்தமும் உண்டு. பட்டப்படிப்பு மூன்றாண்டோடு முடிகிறது. ஒருவரையொருவர் நோக்காமலே பந்தை வழங்கும் அளவுக்கு மனம் ஒன்றிய ஐவருள் இருவரோ மூவரோ பங்குனி, சித்திரையில் தேர்வெழுதிவிட்டுப் பிரிவர். கோப்பை கல்லூரியில் இருக்கும். அதனை வென்ற குழு இராது.

பீங்கான் தொழிலில் உடைந்த கலத்தை வீசிவிடுவதில்லை என்று நினைக்கவேண்டா. எல்லாவற்றையும் காக்கவும் இயலாது. ஆயினும் ஒருமுறை வெந்த மண்ணைப் பொடித்துப் புதுமண்ணோடு கலக்கும் வழக்கம் உண்டு. வெந்த பொடி மீண்டும் சுருங்காது; ஆதலால் அது கலந்த புதுமண் உலரும்போது குறைவாகவே சுருங்கும்; வெடிப்பும் குறையும். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் புதியவர் நடுவே நின்று, தன் ஆட்டத்தை விட்டு அவர்களுக்குக் கால்வைப்பைக் காட்டுவதைக் காணும்போது எனக்கு அப்பொடியின் நினைவே வரும். அவன் பெயர் அவ்வாண்டின் எண்பட்டியலில் குறைவாகவே இருக்கும். அடுத்த ஆண்டு அவன் இல்லாதபோது, அவன் காட்டிய முறையிலேயே மற்றொருவன் பந்தை வழங்குவான்.