அரிசியைப் பொதியிடும் இயந்திரத்தைத் தெரிவு செய்தல்

காலபோக நெல் தை, மாசி, பங்குனி மாதங்களில் ஏறக்குறைய ஒரே காலத்தில் அறுவடையாகின்றது. அறுவடை இயந்திரம் வயலைவிட்டு ஏறுமுன்னரே ஈரநெல்லை விலைபேச வியாபாரி வரம்பில் வந்து நிற்பார். காயவிடக் களமும், சேமிக்கக் களஞ்சியமும், கடனைத் தீர்க்கத் தவணையும் இல்லாத கமக்காரர் அவர் கூறும் விலைக்கே கொடுத்துவிடுகின்றார். சில மாதங்கள் சென்றபின் அதே கமக்காரர், ஒருவேளை தம் வயலில் விளைந்த அதே அரிசியை, அச்சிட்ட பையில் அடைத்தபடி ஊர்க் கடையிலே வாங்க வேண்டி நேருகின்றது. இந்நிலையை மாற்றும்பொருட்டுக் கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தாமே நெல்லைக் குற்றிப் பொதியிட்டு விற்க முனைவது வரவேற்கத்தக்கது. ஆயினும் அம்முயற்சிக்கெனச் சேர்த்த பணம், ஒரு தவணை அரிசிகூடக் கடைக்குச் செல்லுமுன், பொருத்தமற்ற ஓர் இயந்திரத்தில் முடங்கிவிடக்கூடும். ஆதலால் எந்த இயந்திரம், எவரிடமிருந்து என்னும் இரண்டையும் பணம் கட்டுமுன் தீர ஆராய்தல் வேண்டும்.

எவ்வளவு அரிசி உண்டு?

முதலிற் செய்யவேண்டியது கணக்கு. இருபது குடும்பங்கள் சேர்ந்து, குடும்பத்துக்குப் பத்து மூடையாக, 50 கிலோ கொண்ட 200 மூடை நெல்லைப் பொதியிடுதற்கென ஒதுக்குகின்றன என வைத்துக்கொள்வோம். அது 10,000 கிலோ நெல்லாகும். ஆலையிற் குற்றும்போது நூற்றுக்கு 65 பங்கு அரிசி கிடைப்பின் 6,500 கிலோ அரிசி வரும். 5 கிலோப் பைகளாக இட்டால் 1,300 பைகள். ஒருவர் நிறுக்க, ஒருவர் நிரப்ப, ஒருவர் வாயை மூட, மணிக்கு 60 பைகள்தாம் முடியுமெனக் குறைத்தே மதிப்பிட்டாலும், இருபத்திரண்டு மணித்தியாலத்தில், அதாவது மூன்று நாள் வேலையில், முழுவதும் முடிந்துவிடும்.

சுருளிலிருந்து தானே பை செய்து, தானே நிரப்பி, தானே மூடும் பெரிய இயந்திரங்கள் மணிக்குப் பல நூறு பைகளை வெளித்தள்ளுவன. மேற்கூறிய சங்கம் அத்தகைய ஒன்றை வாங்குமாயின், அது தவணைக்குச் சில மணித்தியாலம் ஓடி எஞ்சிய நாளெல்லாம் எலிக்கும் துருவுக்கும் இடமாய் நிற்கும். மேலும் அதற்கு வேண்டிய அச்சிட்ட பொலித்தீன் சுருளைச் சிறு தொகையாகச் செய்து கொடுக்க அச்சகத்தார் எளிதில் உடன்படார். விற்பவர் மணிக்கு இத்தனை பைகள் எனப் பெருமையாகக் கூறுவது, அத்தனை அரிசி உள்ளவர்க்கே பயன்படும்.

தராசே முதற் கருவி

பொதியிடல் என்றதும் பை மூடும் இயந்திரமே பலர் நினைவுக்கு வருகின்றது. ஆனால் இலாபமும் நட்டமும் தராசிலே தங்கியுள்ளன. ஒவ்வொரு 5 கிலோப் பையிலும் 50 கிராம் கூடுதலாக விழுமாயின் 1,000 பைகளில் 50 கிலோ அரிசி, ஒரு முழு மூடை, விலையின்றிப் போய்விடும். குறைவாக விழுமாயின் அது சட்டத்துக்கு மாறான செயல். சங்கத்தின் பெயரும் கெடும். 100 கிலோ நிறுக்கும் மேடைத் தராசில் 5 கிலோப் பையை நிறுத்தல் தகாது. சிறு பைக்குரிய, 5 கிராம் வரை வேறுபாடு காட்டும் தராசு தனியே வேண்டும். அது அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை பெற்றதாயும், ஆண்டுதோறும் அம்முத்திரை புதுப்பிக்கப்படுவதாயும் இருத்தல் அவசியம். முத்திரையிடத் தகாத தராசுகளும் கடைகளில் மலிவாக விற்கப்படலாம். வாங்குமுன் இதனைக் கேட்டறிக. தராசை மட்டமான மேசையில், மின்விசிறியின் காற்றுப் படாத இடத்தில் வைத்து, வெறும் பையின் நிறையைக் கழித்தே நிறுத்தல் வேண்டும்.

மூடும் கருவிகள்

25, 50 கிலோச் சாக்குகளுக்குக் கையிற் பிடித்துத் தைக்கும் இயந்திரம் போதுமானது. ஒற்றை நூலால் தைப்பது மலிவு. எனினும் ஒரு முனையிலிருந்து இழுத்தால் தையல் முழுவதும் கழன்றுவிடும். இரட்டை நூலால் தைப்பது உறுதி கூடியது. எதுவாயினும் சாக்கின் இரு ஓரத்துக்கும் அப்பால் இரண்டு அங்குல நூல் நீண்டிருக்குமாறு விட்டு வெட்டுதல் வேண்டும். இவ்வியந்திரத்துக்கு நாள்தோறும் தையல் இயந்திர எண்ணெய் சில துளி இடாவிடின் ஊசியும் கொக்கியும் தேய்ந்து தையல் தவறும்.

ஒரு கிலோ முதல் 5 கிலோ வரையான பொலித்தீன் பைகளுக்கு, காலால் மிதித்து வெப்பத்தால் ஒட்டும் கருவியே சிறு சங்கத்துக்கு ஏற்றது. அதிலே தேய்வன இரண்டே: சூடேறும் மின்னிழையும், அதன்மேற் போர்த்திய டெப்லோன் துணியும். இரண்டையும் பயிற்சி பெற்ற ஓர் அங்கத்தவரே மாற்றலாம். அளவு பெருகியபின் நகரும் பட்டியுடன் தொடர்ந்து ஒட்டும் இயந்திரத்துக்கு மாறலாம். அப்போது அதன் பட்டி 5 கிலோப் பையின் பாரத்தைத் தாங்குமா எனப் பார்த்தல் வேண்டும். சில, இலேசான பண்டங்களுக்கெனச் செய்யப்பட்டவை.

காற்றை அகற்றி மூடும் இயந்திரம் வண்டு, அந்து ஆகியவற்றைத் தடுக்க மிக நன்று. மொட்டைக்கறுப்பன் போன்ற விலையுயர்ந்த அரிசியைத் தூர இடங்களுக்கு அனுப்புவோர்க்கு அது பயன் தரும். ஆனால் சாதாரண பொலித்தீன் காற்றை மெல்ல உள்ளே விடும். அரிசியின் கூர் முனையும் அதனைத் துளைக்கும். ஆதலின் நைலோன் சேர்ந்த தடித்த பை வேண்டும். அப்பையின் விலையையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்தல் தகும்.

எந்த இயந்திரமும் ஈர அரிசியைக் காப்பாற்றாது. நெல் 14 வீத ஈரப்பதனுக்கு மேற்படாது காய்ந்திருத்தல் வேண்டும். ஆலையிலிருந்து சூட்டுடன் வரும் அரிசியை ஆறவிடாது இறுக மூடின், பையின் உட்புறம் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கையிலே பணம் குறைவாயின், பெரிய ஒட்டும் இயந்திரத்தை விடுத்து ஈரப்பதன் அளக்கும் கருவியை வாங்குதல் அறிவுடைமை.

மரக்கறி செய்வோர் இங்கு ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். மரக்கறி பறித்த பின்பும் சுவாசிக்கின்றது. அரிசியைப் போல அதனை இறுக மூடினால் அழுகிவிடும்; துளையிட்ட பையே ஏற்றது. தக்காளி, போஞ்சி, கறிமிளகாய் போன்றவற்றுக்கு ஏற்ற முதற் பொதி இயந்திரமன்று, பிளாத்திக்குக் கூடையே. 2011ஆம் ஆண்டின் இறுதியில் அதனைக் கட்டாயமாக்க முற்பட்டபோது தம்புள்ளையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. கூடை கெட்டதென்பதன்று, அதன் விலையை யார் ஏற்பது, வெறுங்கூடையை யார் திருப்பிக் கொண்டுவருவது என்னும் வினாக்கள் எளியனவல்ல. கூடை வாங்கும் சங்கம் இவற்றைச் சந்தை வியாபாரியுடன் முன்கூட்டியே பேசி முடித்தல் வேண்டும்.

விற்பவரை அறிதல்

ஒரே வகை இயந்திரத்தை இருவர் விற்கலாம். ஒருவரிடம் விலை குறைவு. மற்றவரிடம் உதிரிப்பாகம் உண்டு. அறுவடைக் காலத்தில் ஒரு பட்டி அறுந்து, அது கொழும்பிலிருந்து வர இரண்டு வாரம் ஆகுமாயின், வாங்கியபோது மிஞ்சிய பணம் எங்கே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கடைக்குச் செல்வோர் மின்னிழை, துணி, பட்டி, ஊசி, கொக்கி ஆகிய ஒவ்வொன்றின் விலையையும் எழுதித் தருமாறு கேட்பதோடு, அவற்றை அலுமாரியிலிருந்து எடுத்துக் காட்டுமாறும் கேட்க வேண்டும். “தேவைப்படின் தருவிப்போம்” என்னும் மறுமொழியை இல்லை என்றே கொள்க. 2022இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது இறக்குமதிப் பொருள்கள் பல கிடைத்தற்கரியனவாயின. அண்மை நகரத்துக் கடையிலே கிடைக்கும் பொது அளவான பட்டியும் தாங்கியும் பொருத்திய இயந்திரம், அழகிற் குறைந்ததாயினும், அத்தகைய காலத்தில் ஓடும்.

முன்னர் அவரிடம் வாங்கிய மூவரின் முகவரியைக் கேட்டு, அவர் கடைக்கன்றி அவர்களுடைய ஆலைக்கே செல்லுதல் நன்று. “இயந்திரம் எப்படி?” என்று கேட்டால் “நல்லது” என்பார்கள். “கடைசியாகப் பழுதான நாள் எது? திருத்த வந்தவர் எத்தனை நாளில் வந்தார்? யார் கூலி கொடுத்தது?” என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

உத்தரவாதத்தைப் பற்றியும் ஒரு சொல். வைகாசியில் வாங்கிய இயந்திரம் தை மாதம் வரை சும்மா இருக்குமாயின், ஓராண்டு உத்தரவாதத்தில் எட்டு மாதம் ஓடாமலே கழிந்துவிடும். இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டிய நாளிலிருந்து உத்தரவாதம் தொடங்கும் என எழுத்தில் பெறுதல் வேண்டும். திருத்துபவரின் பயணச் செலவு யாருடையது, மின்பலகை உத்தரவாதத்தில் அடங்குமா என்பனவும் அதே தாளில் இருத்தல் வேண்டும். பற்றுச்சீட்டில் இயந்திரத்தின் மாதிரியும் தொடரிலக்கமும் குறிக்கப்படாவிடின் அவ்வுத்தரவாதம் எந்த இயந்திரத்துக்கு என்பதே பின்னர் வழக்காகிவிடும்.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ற். முக்கட்ட மின்சாரத்துக்குச் செய்த இயந்திரத்தை ஒற்றைக்கட்ட இணைப்புள்ள கட்டடத்தில் ஓட்ட முடியாது. புது இணைப்புக்குத் தனிச் செலவு உண்டு. மாலையில் வோல்ற்று இறங்கும் ஊர்களில் ஒட்டும் தகட்டின் சூடும் குறையும். பை ஒட்டியது போலத் தோன்றிப் பின் வாய் திறக்கும். அத்தகைய ஊர்களிற் பகலிலேயே வேலையை முடித்தல் நன்று.

பணம் முழுவதையும் கொடுக்குமுன் ஒரு சோதனை நடத்துதல் வேண்டும். கண்காட்சியில் வெண்சீனியைப் பொதியிட்டுக் காட்டும் இயந்திரம், தவிடு கலந்த சிவப்பரிசியைக் கண்டதும் வேறுவிதமாக நடந்துகொள்ளும். பையின் வாயில் தவிட்டுத் தூசு படிந்தால் ஒட்டு உறுதியாகாது. எனவே சங்கத்தார் தம் அரிசியில் 100 கிலோவையும், தாம் பயன்படுத்தப்போகும் அதே பைகளையும் கொண்டுசென்று, இடையறாது ஒரு மணித்தியாலம் ஓட்டுவித்துப் பார்க்கட்டும். ஒட்டிய பைகளில் சிலவற்றை இடுப்புயரத்திலிருந்து சீமெந்துத் தரையிற் போட்டும், சிலவற்றின் வாயைக் கையால் இழுத்தும் சோதிக்கலாம். பை கிழிந்து ஒட்டுக் கழலாதிருப்பின் ஒட்டு நன்று. முதற் பையையும் கடைசிப் பையையும் திரும்ப நிறுத்துப் பார்த்தல் அவசியம். இச்சோதனைக்கு இணங்காதவரிடம் வாங்காது விடலாம். இணங்குபவரிடமும் விலையில் ஒரு பகுதியை, இயந்திரம் சங்கத்தின் கட்டடத்திலே ஒரு முழுநாள் ஓடியபின் செலுத்துவதாக ஒழுங்குசெய்தல் நலம்.

இயந்திரம் வரும் நாளில், அதனை இயக்கவிருக்கும் அங்கத்தவர் இருவராவது உடனிருந்து, மின்னிழையையும் துணியையும் தம் கையாலேயே ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பழகுதல் வேண்டும். கருவிகளைப் பற்றிய ஐயங்களை அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும், அநுராதபுரத்திலுள்ள அறுவடைக்குப் பிந்திய முகாமைத்துவத்துக்கான தேசிய நிறுவனத்திலும் கேட்டறியலாம்.