பாடாமல் நின்ற மூன்று பேர்

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

மலருக்குக் கட்டுரை கொடு என்று யூனியன் செகரட்டரி கேட்டபோது, லேத் மெஷினைப் பற்றி எழுதித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் முதலாம் ஆண்டில் நான் செய்த ஒரு காரியம் இன்னும் மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனால் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் கிளாஸ் ரெப். ஒரு விழா முடிவில் தேசிய கீதம் பாடும்போது, பக்கத்தில் நின்ற நம் வகுப்பு நண்பன் வாயே திறக்கவில்லை. நேராக நின்றான், அவ்வளவுதான். அவன் யெகோவாவின் சாட்சிகள் என்ற சபையைச் சேர்ந்தவன். "ஏன்டா, இந்த நாட்டுச் சோறு மட்டும் வேணும், பாட்டு வேணாமா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டேன். பையன்கள் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்லவில்லை.

அவன் அன்று ஒன்றும் பேசவில்லை. நாலைந்து நாள் கழித்து வொர்க்‌ஷாப்பில் ஃபைல் போட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னான்: "இதுக்கு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு. முடிஞ்சா படிச்சுப் பாரு." வம்புக்குத்தான் படித்தேன். படித்த பிறகு என் பேச்சு அடங்கிப்போனது.

கேரளாவில் கோட்டயம் பக்கம் கிடங்ஙூர் என்ற ஊர். அங்கே ஒரு பள்ளியில் பத்தாவது, ஒன்பதாவது, ஐந்தாவது படித்த அண்ணன் தங்கைகள் மூன்று பேர். தினமும் தேசிய கீதத்துக்கு எழுந்து மரியாதையாக நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். யெகோவாவைத் தவிர வேறு எதையும் போற்றிப் பாடக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. பல வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1985-இல் ஒரு எம்.எல்.ஏ. கண்ணில் பட்டு, விஷயம் சட்டசபைக்குப் போனது. விசாரணை கமிஷன் வைத்தார்கள். கமிஷன் என்ன சொன்னது தெரியுமா? பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், தேசிய கீதத்தை அவமதிக்கவில்லை என்றது! இருந்தும் கல்வித் துறை அதிகாரியின் உத்தரவுப்படி 1985 ஜூலை 26 அன்று மூவரையும் பள்ளியை விட்டு நீக்கினார்கள்.

ஹைகோர்ட் தேசிய கீதத்தின் ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்துப் பார்த்து, இதில் யாருடைய மதத்துக்கும் விரோதமாக ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டது. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி 1986 ஆகஸ்ட் 11 அன்று, கேள்வியே அதுவல்ல என்றார். நமக்கு அது நியாயமாகப் படுகிறதா என்பது முக்கியமில்லை; அவர்கள் அதை மனசாட்சிப்படி உண்மையாக நம்புகிறார்களா என்பதுதான் கேள்வி. பிஜோ இமானுவேல் வழக்கு என்று இதைச் சொல்கிறார்கள்.

தீர்ப்பில் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரனுக்கும் புரிகிற இடம் ஒன்று உண்டு. 1971-ஆம் வருடச் சட்டம், பாடுகிறவரைத் தடுப்பதையும் பாடும் கூட்டத்தில் கலாட்டா செய்வதையும்தான் குற்றம் என்கிறது. பாடாமல் நிற்பது அதில் வராது. சரி, துறையின் சுற்றறிக்கை இருக்கிறதே என்றால், சுற்றறிக்கை சட்டமாகாது. அடிப்படை உரிமையில் கை வைக்க முறையான சட்டம் வேண்டும். பேச்சுரிமைக்குள் பேசாமலிருக்கும் உரிமையும் அடக்கம். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மனசாட்சி உரிமையைத் தருகிறது. பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டு.

இந்த 'உட்பட்டு' என்ற வார்த்தையில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. 1983-இல் ஆனந்த மார்க்க வழக்கு. கத்தி, திரிசூலம், மண்டை ஓடு ஏந்தி கல்கத்தா தெருவில் தாண்டவ ஊர்வலம் போவதைப் போலீஸ் தடுத்தது. சுப்ரீம் கோர்ட் போலீஸ் பக்கம். தெருவில் கத்தி வேண்டாம் என்றிருந்தால் எனக்கும் சம்மதம். ஆனால் கோர்ட் இன்னொன்றும் சொன்னது: அமைப்பு தொடங்கியது 1955, தாண்டவம் சேர்ந்தது 1966, ஆகவே அது அந்த மார்க்கத்துக்கு இன்றியமையாத சடங்கு அல்ல. எனக்கு இது சரியாகப் படவில்லை. புது மார்க்கம் என்றால் எல்லாமே நேற்று வந்ததாகத்தானே இருக்கும்? எது இன்றியமையாதது என்று வெளியாள் அளந்து சொல்ல, சாமி என்ன வெர்னியர் காலிப்பரா?

அமெரிக்காவிலும் இதே சாட்சிகள் சபைதான் கோர்ட்டுக்கு அலைந்திருக்கிறது. கொடி வணக்கம் செய்யாத பிள்ளைகளை நீக்கியது சரி என்று 1940-இல் அங்கே சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதன் பிறகு பல ஊர்களில் அந்தச் சபையாரைக் கும்பல் கும்பலாகப் போய் அடித்தார்கள். (பத்துப் பேர் கைதட்டியது எனக்கு இங்கேதான் ஞாபகம் வந்தது.) மூன்றே வருடத்தில், 1943-இல், அதே கோர்ட் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. ஆனால் 1944-இல் அதே சபையார் தோற்றார்கள். ஒன்பது வயதுச் சிறுமி தெருவில் நின்று சபைப் பத்திரிகை கொடுத்த வழக்கு அது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் மதத்தைக் காரணம் காட்டுவதால் விலகாது என்றார்கள். ரத்தம் ஏற்ற மாட்டோம் என்று பெற்றோர் மறுக்கும்போது, பிள்ளையின் உயிரைக் காக்கப் பல நாட்டுக் கோர்ட்டுகள் தலையிடுவதும் இந்த வழியில்தான். பெரியவன் தன் நம்பிக்கைக்காகத் தான் கஷ்டப்படலாம், பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்க முடியாது. இதில் நான் அரசாங்கத்தின் பக்கம்.

ஹாஸ்டலில் இதைச் சொன்னதும் ரூம்மேட் சண்டைக்கு வந்தான். "அப்ப ஆளாளுக்கு ஒரு சாமி பேரைச் சொல்லி எல்லாத்தையும் மறுப்பான், விட்டுடலாமா?" மறுப்பதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று பாருடா என்றேன். பாடாமல் நின்ற மூன்று பேரால் யாருக்கு நஷ்டம்? அவன் உடனே தியேட்டர் உத்தரவைப் பிடித்துக்கொண்டான். 2016 நவம்பரில் சினிமா தியேட்டரில் தேசிய கீதம் கட்டாயம் என்றதும் சுப்ரீம் கோர்ட்தான். 2018 ஜனவரியில் கட்டாயமில்லை என்று மாற்றியதும் அதே கோர்ட்தான். விடிய விடியப் பேசியும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. போகட்டும்.

போன செமஸ்டரில் அந்த நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்டா" என்றான். மறந்திருக்க மாட்டான். முதலாம் ஆண்டுக்குப் பிறகு எந்த விழாவிலும் அவன் எங்கள் வரிசையில் வந்து நின்றதில்லை. கடைசியில் தூணோரம்தான் நிற்பான். இந்த ஆண்டு விழாவுக்கு என் பக்கத்தில் வந்து நில் என்று சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்றான்.